கொல்லையில் புதைந்த பைப்பு

— மழுப்பாதண்ணா. எங்க கொல்லையில பொதைச்சி கீற பைப்பு உன் சாயப்பட்டறையிலருந்துதான வருது?

— மெதுவா பேசு அபிதா. ஆளுங்க வேல செஞ்சிகினு கீறாங்க.

— கேக்கட்டும். கத்திரிச் செடி வைக்கத் தோண்டினேன். மம்மட்டி பட்டு பைப்பு ஒடஞ்சி, கருஞ்செவப்பா பீச்சி அடிக்குது. பக்கத்துலயே எங்க கெணறு.

— ஆரணி பூரா சாயத்தண்ணிதான் ஓடுது. என்ன மட்டும் புடிச்சிகினு பேஜார் பண்றியே.

— நீதான எண்பத்தஞ்சுல மிஷின் கொண்டாந்த? ஊரு சாக்கடைத் தண்ணியத் தெளிய வச்சி, மெல்லிசு சவ்வு வழியா பம்புல அழுத்தினா கண்ணாடியாட்டம் வரும், பட்டு நூலுக்கு அதுலயே சாயம் போடலாம், இனிமே எவன் கெணத்தையும் உறிஞ்ச மாட்டேன்ன. உன்ன நம்பித்தான நான் ஊடு ஊடா போயி பொம்பளைங்களுக்கு சமாதானம் சொன்னேன்?

— மிஷின்ல ஒரு கொறையும் இல்லம்மா. தண்ணி சுத்தமாத்தான் வருது. வா, காட்டறேன்.

— அப்ப பைப்புல போறது இன்னா?

— சவ்வத் தாண்டாத கசடு. உப்பு, சாயம், சாக்கடை அழுக்கு, எல்லாம் சேந்து கெட்டியா நிக்கும். அத எங்கனா மண்ணுக்குள்ள எறக்கித்தான ஆவணும்.

— சிமிட்டித் தொட்டி கட்டி வெயில்ல காய வைப்பேன்னியே?

— எடம் அமையல. அமையற வரைக்கும்...

— அது வரைக்கும் தங்கச்சி கெணறா? எம் மவ லீலா வாந்தி எடுத்து எடுத்துத் துவண்டு கெடக்கறாண்ணா. உன் மடியில வச்சி காது குத்தின பொண்ணு. தண்ணிய மாத்திப் பாருன்னாரு டாக்டர். எங்க கெணத்துத் தண்ணிக்கு இன்னா கொறைச்சல்னு அவருகிட்ட சண்ட போட்டுட்டு வந்தேன் நானு.

— ஐயோ. கொழந்தைக்கா? அந்தத் தண்ணியயா குடிக்கறீங்க இன்னும்?

— வேற எதக் குடிப்பாங்க?

— கெணத்துல ஊறுதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே, குடிக்காதீங்கன்னு சொல்லிட்டேனே!

— யார்கிட்ட?

— உன் ஊட்டுக்காரர்கிட்ட. நீ ஆடிக்குப் படவேட்டு கோயிலுக்குப் போயிருந்தப்ப, இங்க தோண்டிக்க மச்சான்னு எடம் காட்டினதே தனகோடி மாப்ளதான். தறிய உட்டுட்டு வா, பட்டறையில பங்கு தரேன்னேன். சரின்னாரு.

— பொய்யி.

— அவரையே கேளு. அபிதாகிட்ட நானே சொல்லிக்கறேன்னாரும்மா.

— அண்ணா...

— இன்னாம்மா?

— அதான் அவரு இப்பல்லாம் ஊட்டுல தண்ணியே குடிக்கறதில்லியா?