சர்க்கரைப் பாட்டில்

ஞாயிற்றுக்கிழமை சமைக்க வேண்டாம் என்றால் நான் எந்த வேனிலும் ஏறிவிடுவேன். 2009 ஆடியில் அப்படித்தான், அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸ் குடும்பங்களோடு கடலூருக்குப் போனேன். சினிமா எப்படி எடுக்கிறார்கள் என்று காட்டும் மியூசியம் ஒன்றை சில்வர் பீச் போகிற வழியில் புதிதாகத் திறந்திருந்தார்கள்.

என் கணவர் தேவநாதன் கலகலப்பானவர். அவர் வந்தால் வேனில் பாட்டே போட வேண்டாம். என்னைப் போல நடித்துக் காட்டுவதில் கெட்டிக்காரர். நான் இங்கிலீஷ் பேசுவது, பஸ்ஸுக்கு ஓடுவது, என் அப்பா செத்தபோது அழுதது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் சிரிப்பு ஜாஸ்தி. நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் என் உம்மென்ற முகத்தையும் நடித்துக் காட்டுவார்.

சுற்றிக் காட்டியவர் காத்தவராயன். சினிமாவில் சண்டைக்காரராக இருந்து முதுகு போனவர். ஐம்பது வயதிருக்கும், நல்ல மனிதர். குழாயில் மழை பெய்ய வைத்தார். ராட்சத ஃபேனில் புயல் அடிக்க வைத்தார். குழந்தைகளைவிட நான்தான் வாயைப் பிளந்து பார்த்தேன். பிறகு கேமரா முன்னால் யாராவது அழுது காட்டச் சொன்னார். என் கணவர் போய் என் அழுகையை அழுதார். "அப்பா, என்ன உட்டுட்டுப் பூட்டியே" என்று மூக்கைச் சிந்தினார். பெரிய டிவியில் அதை மூன்று தடவை போட்டார்கள்.

அடுத்து சண்டைப் பகுதி. மேசையில் ஒரே மாதிரி இரண்டு பாட்டில்கள். "எடப்பக்கம் இருக்கறது நெஜம். கனமா, சில்லுன்னு இருக்கும். வலப்பக்கம் சக்கரப் பாகுல செஞ்சது, தலையில அடிச்சாலும் வலிக்காது. யாரு வர்றீங்க?"

என் கணவர் மண்டி போட்டுக் கும்பிட்டார். "வா சௌந்தரம். ஊட்ல அடிக்கறததான, எல்லாரும் பாக்கட்டும்."

எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். காத்தவராயன் கேமராவை ஆன் செய்யத் திரும்பினார். நான் வலப்பக்கத்துப் பாட்டிலைத் தொட்டேன். பிசுபிசுத்தது. கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு மற்றதை எடுத்தேன்.

பாட்டில் உடையவில்லை. அவர் விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் கைதட்டினார்கள். அவ்வளவு நன்றாக நடிப்பவர்.

மூன்றாம் நாள் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் போய்விட்டார். காத்தவராயன் வாசலில் வந்து என் காலில் விழுந்தார். "நான்தாம்மா எடம் மாத்தி வச்சிட்டேன். எப்பிடி மாறுச்சுன்னே தெரியல." அவர் மாற்றவில்லை. கோர்ட்டில் கேட்டபோது, அவர் காட்டிய பக்கத்திலிருந்துதான் எடுத்தேன் என்று சொன்னேன். கவனக்குறைவு என்று காத்தவராயனுக்கு ஒரு வருஷம் ஜெயில் போட்டார்கள். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாளாம். பார்த்துவிட்டுப் போன இடத்தில் வேண்டாம் என்றுவிட்டார்களாம். பாவம்தான்.

குவார்ட்டர்ஸில் இன்றும் அந்த ஆளைத் திட்டாதவர்கள் இல்லை. பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள். எனக்கு அப்படியெல்லாம் மனசு வராது. அவரை நான் என்றைக்கோ மன்னித்துவிட்டேன்.