ஒன்றை அடிக்கவும்

"ஞாயித்துக்கிழமை வந்தாலே பயமா இருக்குக்கா."

நகரியப் பேருந்தில் என் முன்னிருக்கையில் இரண்டு நர்சுகள். பேசியவள் வார்டை விட்டுப் பள்ளிச் சுகாதாரப் பிரிவுக்குப் போனவள். மூத்தவள் இன்னும் வார்டில்தான் இருக்கிறாள்.

"ஜெனரல் ஷிப்ட், ஞாயிறு லீவு. இதுக்குத்தானே ஸ்டெல்லா ஒத்தக்கால்ல நின்ன?"

"பொண்ணுக்காகக் கேட்டேன். அவ ஹாஸ்டலுக்குப் போய்ட்டா, வூட்ல நான் மட்டும்தான். வேலைக்கு வந்தா புள்ளைங்கள எடை போட்டு அட்டையில எழுதிக்கினு இருக்கேன். ஆபரேஷன் ஆனவங்க எழுந்து நடக்கறதப் பாத்து ஒரு வருஷமாச்சு."

"வருஷம் முடிஞ்சா திரும்பலாம்னு படிவம் குடுத்தாங்களே?"

"'வார்டுக்குத் திரும்ப விருப்பம்: உண்டு, இல்லை. ஒன்றை அடிக்கவும்'னு இருந்துச்சு. நான் 'உண்டு' மேல டிக் அடிச்சேன்."

"அப்புறம் என்ன?"

"அடிக்கறதுன்னா கோடு போட்டு நீக்கறதாம். 'உண்டு'வ நானே நீக்கிட்டேனாம். ரெக்கார்டுல ஏறிடுச்சு, இனிமே மாத்த முடியாதாம். ரிடையர் ஆகற வரைக்கும் எடை மெஷின்தான்."

"எந்த மகராசன்டி அந்தத் தமிழ எழுதினான்?"

"தெரியலக்கா. அவனுக்கு ஒரு ஆபரேஷன் நடக்கட்டும், அன்னிக்காவது என்னை வார்டுல போடட்டும்னு ஜெபம் பண்ணிக்கினு இருக்கேன்."

மூத்தவள் சிரித்தாள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை.

சுருக்கமாக இருக்கிறதென்று மேலதிகாரியிடம் பாராட்டு வாங்கிய வரி அது. எழுதியவன் நான்தான். என் நிறுத்தத்துக்கு இன்னும் இரண்டு நிறுத்தம் இருந்தது. இறங்கி நடந்தேன்.