அவர் கொடுத்தனுப்பிய வணக்கம்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, என்னைப் பேச அழைப்பதா வேண்டாமா என்று யோசித்து யோசித்து, கடைசியில் அழைத்தே விட்ட பெரியப்பா அவர்களே! என் தந்தையின் அமைச்சரவையில் அவரோடு அருகமர்ந்து, அவரோடு சண்டையிட்டு, அவரோடு சேர்ந்தே நரைத்துப்போன மூத்தோர்களே! நாற்காலிகளை வயதானவர்களுக்கு விட்டுவிட்டுச் சுவரோரம் நிற்கும் இளைஞர்களே! வேலை முடிந்த களைப்போடு வந்து, அந்தக் களைப்பைக் கொஞ்சமும் காட்டிக்கொள்ளாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! என் அப்பாவை என்னிடமிருந்து இத்தனை காலம் எடுத்து வைத்துக்கொண்ட அன்பு மக்களே! உங்கள் அனைவருக்கும்...

இந்த இடத்தில் வணக்கம் சொல்ல வேண்டும். சொல்லப்போவதில்லை. நான் வீட்டிலிருந்து கிளம்பும்போது அப்பா உங்களுக்கென்று ஒரு வணக்கத்தை என்னிடம் கொடுத்தனுப்பினார். அது என் கையில்தான் இருக்கிறது. உங்களிடம் கொடுப்பதா, நானே வைத்துக்கொள்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

பின்வரிசையில் ஓர் அண்ணன் காதைத் தொட்டுக் காட்டுகிறார். மன்னியுங்கள் அண்ணா. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அங்கே வாய் திறந்தால் கண் தவறிவிடும். அதனால் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை. மைக்கைக் கொஞ்சம் நெருங்கிக்கொள்கிறேன். இப்போது கேட்கிறதா? நல்லது.

எதற்காகக் கூடியிருக்கிறோம்? இந்த நாட்டின் பிரதமராக இருந்தவர், உங்கள் தலைவர், என் அப்பா, இனிமேல் நோயோடு போராடும் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லி மருத்துவமனையை விட்டு வந்துவிட்டார். வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும், மிச்ச நாளை வீட்டில் கழிக்கிறேன் என்கிறார். உங்களுக்கு மனம் ஒப்பவில்லை. அவரை மறுபடியும் மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சையைத் தொடர வேண்டும் என்று சற்று நேரத்தில் பெரியப்பா தீர்மானத்தைப் படிப்பார். நீங்கள் கை தூக்குவீர்கள். பிறகு எல்லோரும் ஊர்வலமாக எங்கள் வீட்டு வாசலுக்கு வருவீர்கள். வெளியே ஆம்புலன்ஸ் தயாராக நிற்பதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே வந்தேன்.

நீங்கள் வாசலில் வந்து நின்றால் என்ன ஆகும் தெரியுமா? அவர் சம்மதித்துவிடுவார். எனக்கு மறுத்திருக்கிறார். அம்மாவுக்கு மறுத்திருக்கிறார். வாசலில் வந்து நின்ற உங்களுக்கு ஒருநாளும் மறுத்ததில்லை. அந்தப் பயத்தில்தான், மேடை என்றால் காத தூரம் ஓடுகிறவள் இன்று மேடை ஏறியிருக்கிறேன். அந்தத் தீர்மானம் நிறைவேறக் கூடாது.

மக்களே, ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு உங்கள் மீது பொறாமை. இன்று நேற்று வந்த பொறாமை இல்லை; பால்பல் முளைத்தபோதே கூட முளைத்த பொறாமை. இந்தக் கூட்டத்தில் ஒரு தையல்காரர் இருக்கிறார். அதோ, தலையைக் குனிகிறாரே, அவர்தான். ஒருமுறை அப்பாவோடு காரில் போனேன். வழியில் இவரைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி, "உங்க பொண்ணுக்குக் காதுல சீழ் வடிஞ்சுதே, நின்னுடுச்சா?" என்று விசாரித்தார். எப்போதோ ஒரு கூட்ட நெரிசலில் இவர் சொன்னதாம். வண்டி கிளம்பியது. அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ இப்ப எந்த வகுப்பும்மா?" என்றார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றைக்கு நான் அந்தக் காதின் மீது பொறாமைப்பட்டேன். சீழ் பிடித்த ஒரு காதைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பிள்ளை உலகத்தில் வேறு யாராவது உண்டா?

ஊருக்கெல்லாம் உறவானவர், உள்ளே வந்தால் ஓய்வெடுப்பவர். நாட்டுக்கெல்லாம் நேரம் கொடுத்தவர், நாங்கள் நேரம் கேட்டால் செயலாளரைக் கை காட்டுபவர். அவர் பேச்சைக் கேட்க நீங்கள் வெயிலில் நின்றீர்கள். நானும்தான் கேட்டேன், வீட்டில் இருந்துகொண்டு, வானொலியில்!

அப்படிப்பட்டவர், மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடி ஒரு காரியம் செய்தார். நோய் ஈரலுக்குப் பரவிவிட்டது. பெரிய டாக்டர் நல்லவர், மறைக்காமல் பேசினார். இன்னொரு சுற்று மருந்து ஏற்றினால் கொஞ்ச நாள் கூடலாம், ஆனால் உடம்பு மிகவும் சிரமப்படும் என்றார்.

அப்பா கேட்டார்: "அந்தக் கொஞ்ச நாளும் நான் எங்க இருப்பேன் டாக்டர்?"

"இங்கதான் ஐயா, எங்க கண் பார்வையில."

"அப்ப அது உங்களுக்குக் கிடைக்கிற நாளு. எனக்கு என்ன லாபம்?"

அப்பா என்னைப் பார்த்தார். "வீட்டுக்குப் போலாமாம்மா?" என்றார். என்னிடம் அனுமதி கேட்டார், மக்களே. என்னிடம்! ஒரு நாட்டையே எனக்கு எழுதி வைத்தது போல இருந்தது. இனி கூட்டம் இல்லை, கொடி இல்லை, செயலாளர் இல்லை. இனி இவர் எனக்கு, எனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

என் அறையைக் காலி செய்தேன். புத்தக அலமாரிகளை எல்லாம் கூடத்துக்குத் தள்ளி, ஜன்னலோரம் கட்டிலைப் போட்டு, புது விரிப்பு விரித்து வைத்தேன். சக்கர நாற்காலியில் வந்து பார்த்தார். "ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆனா இங்க உங்க அம்மா சத்தம் கேக்காதே" என்றார்.

கட்டில் சாப்பாட்டு அறைக்குப் போனது. அங்கிருந்து பார்த்தால் சமையலறை தெரியும். அம்மா அங்கிருந்தே ஒரு கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "இத்தனை வருஷமா என் சத்தம் கேக்காம நிம்மதியாத்தானே இருந்தீங்க?"

"அப்ப எனக்குப் பாதுகாப்பு போட்டிருந்தாங்க. இப்பதான் எடுத்துட்டாங்களே" என்றார் அப்பா.

அம்மா உள்ளே போய்விட்டார். வெகுநேரம் குழாயில் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் அம்மாவின் மீதும் பொறாமைப்பட்டேன். இந்தப் பொறாமைக்கு வீடு, வெளி என்று வித்தியாசமே இல்லை.

அடுத்து வந்தார் நர்ஸ் அக்கா. வீட்டுக்கு வந்து வலிக்கு மருந்து கொடுப்பவர், புரட்டிப் படுக்க வைப்பவர், உலர்ந்த உதட்டை நனைப்பவர். பேச்சு குறைவு. பிரதமர் என்றும் பார்ப்பதில்லை, பெரியவர் என்றும் பார்ப்பதில்லை. மாத்திரையைத் துப்பினால் அதட்டுவார். உலக நாடுகள் மிரட்டியபோது அசையாத மனிதர், நர்ஸ் அக்கா புருவத்தை உயர்த்தினால் வாயைத் திறக்கிறார்! நான் பொறாமைப்படாமல் என்ன செய்வேன்?

அந்த அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. எதற்காகக் கிட்டே வந்தாலும், முதலில் நின்று, "தொடலாமா ஐயா?" என்று கேட்பார். அவர் தலையசைத்த பிறகுதான் கை நீளும். கண்ணை மூடிக் கிடந்தாலும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் கேட்பார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பாவிடமே சொன்னேன், "எத்தனை தடவைப்பா கேப்பாங்க? சும்மா தொட்டா என்ன?"

அப்பா மெல்லச் சொன்னார்: "என்னை நாலு பேரு தூக்கியிருக்காங்க, நாப்பது பேரு இழுத்திருக்காங்க, சட்டையக் கிழிச்சிருக்காங்க, கன்னத்தக் கிள்ளியிருக்காங்க. எல்லாம் பிரியத்துலதான். ஆனா கேட்டுட்டுத் தொட்டவங்க இவங்க ஒருத்தர்தான்ம்மா."

அன்பு மக்களே! தோளில் தூக்கினீர்கள்; கேட்டீர்களா? நள்ளிரவிலும் எழுப்பினீர்கள், கேட்டீர்களா? அவர் பெயரைச் சாலைக்கு வைத்தீர்கள், பாலத்துக்கு வைத்தீர்கள், கேட்டீர்களா? இன்று அவர் உடம்பின் மீதே ஒரு தீர்மானம் போட வந்திருக்கிறீர்களே, அந்த உடம்புக்கு உரியவரிடம், எலும்பும் தோலுமாக அங்கே படுத்திருக்கிற அந்த மனிதரிடம், ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டீர்களா?

தூணருகே ஒருவர், தலைவர் எங்களுக்கும் சொந்தம் என்கிறார். ஆமாம் அண்ணா, சொந்தம்தான். நான் சண்டைக்கு வரவில்லை. நம் வழக்கம் எனக்குத் தெரியும். ஆற்றில் வெள்ளம் வந்தால் தீர்மானம், விலைவாசி ஏறினால் தீர்மானம். எந்தத் துக்கம் வந்தாலும் கூடிக் கை தூக்கியே பழகிவிட்டோம். இந்தத் துக்கத்துக்கு அது உதவாது.

பெரியப்பா, உங்களிடம் ஒன்று சொல்லட்டுமா? போன வாரம் வந்தீர்கள். கட்டிலருகே உட்கார்ந்தீர்கள். அம்மா அவருக்குத் தலை வாரிவிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் முகத்தில் ஒன்று ஓடியது. வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு அவர் கிடைத்துவிட்டார், வெளியே இருக்கும் எனக்கு இல்லை என்று. அது எனக்குத் தெரியாதா? பால்பல்லோடு வளர்த்தவளுக்கு அதன் முகம் தெரியாதா? தாளில் நீங்கள் அதற்குத் தீர்மானம் என்று பெயர் எழுதியிருக்கிறீர்கள். நான் பிழை திருத்துகிறவள். அதன் பெயர் பொறாமை.

கண்ணாடியைத் துடைத்துக்கொள்ளுங்கள் பெரியப்பா. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இவ்வளவு பேர் ஒரு மனிதருக்காகப் பொறாமைப்படுகிறோம் என்றால் அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அந்தப் பொறாமையை ஆம்புலன்சில் ஏற்றி அவரிடம் அனுப்பாதீர்கள். வீட்டிலேயே வைத்திருங்கள், என்னைப் போல.

இன்று நான் கிளம்பியபோது அப்பா விழித்திருந்தார். எங்கே போகிறாய் என்றார். "உங்க கூட்டத்துக்குத்தான்பா" என்றேன்.

"நான்தான் வரலையே."

"நீங்க வரலைன்னுதான் கூட்டமே."

சிரிப்பு வந்தது அவருக்கு, கூடவே இருமலும். தணிந்ததும், "எல்லாருக்கும் என் வணக்கத்தச் சொல்லிடு" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இந்த நிலைமையிலும் உங்களுக்குத்தானா? வாய்விட்டே கேட்டேன். "எனக்குப்பா?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். நான் ஏதோ தப்பாகப் படித்துவிட்டது போல. "உனக்கு எதுக்கும்மா வணக்கம்? அது நான் விட்டுட்டுப் போறவங்களுக்கு. நீ போயிட்டு இங்கதானே வரப்போற" என்றார்.

மக்களே, என் வாழ்நாள் பொறாமை அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டது. செத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். உட்கார்ந்திருக்கிறது.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். அவர் கொடுத்தனுப்பியதை உங்களிடமே கொடுத்துவிடுகிறேன். பெறுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தீர்மானத்துக்கு ஒரு கையை உயர்த்த வேண்டும். வணக்கத்துக்கு இரண்டு கையையும் குவிக்க வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்ய யாராலும் முடியாது. எது வேண்டும் என்று நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். உங்களை நான் கேட்டுக்கொள்கிறேன். கவனியுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

தாய்மார்கள் குவித்துவிட்டார்கள். சுவரோரத்து இளைஞர்களும் குவித்துவிட்டார்கள். தையல்காரரே, உங்களுக்கும்தான், உங்கள் மகளுக்கும் சேர்த்து. பெரியப்பா, அந்தத் தாளைக் கீழே வைத்தால்தான் இரண்டு கையும் சேரும்.

நன்றி பெரியப்பா. பொறாமைக்காரி ஒருத்தியின் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட அத்தனை பேருக்கும் நன்றி. உங்கள் தலைவர், என் அப்பா, தன் வீட்டில், தன் மனைவியின் சத்தம் கேட்கும் தூரத்தில் படுத்துக்கொண்டு, உங்களுக்கு அனுப்பிய வணக்கம் இதோ. வாங்கிக்கொள்ளுங்கள்.

நான் வீட்டுக்குப் போகிறேன்.