அப்பா பேரில் ஒரு கட்டில்

— பெட்டியை எதுக்குப்பா இப்படி வாசல்ல வெச்சிருக்கீங்க? கடைசி ஆளுக்கு மூக்குக் கண்ணாடி மாட்டி அனுப்பிட்டு, கடையைப் பூட்டிட்டு இப்பதான் வர்றேன். கால் தடுக்கி விழ இருந்தேன்.

— கிளம்புறவன் பெட்டி வாசல்லதான் இருக்கும். காலம் பூரா பஸ்ல டிக்கெட் கிழிச்சவன்மா நான். அடுத்த ஸ்டாப்புல இறங்குற ஆள் யாருன்னு மூஞ்சியைப் பாத்தே சொல்லிடுவேன். இப்ப அந்த ஆள் நான்தான்னு தெரிஞ்சுபோச்சு.

— யாரு உங்களை இறங்கச் சொன்னா?

— நீயும் மாப்பிள்ளையும்தான். காலைல தபால்ல வந்துதே, பளபளன்னு ஒரு அட்டை. முதியோர் இல்லத்துல என் பேர்ல ஒரு கட்டிலாம். போட்டோ வேற. தலைமாட்டுல பெயின்ட்ல என் பேர். இனிஷியலோட!

— ஐயோ அப்பா! அது வருஷக் கடைசிக்கு நாங்க உங்களுக்குக் கொடுத்த பரிசு!

— நல்ல பரிசு. ஊர்ல அவனவன் அப்பனுக்கு ஸ்வெட்டர் வாங்கித் தர்றான்.

— தந்தோமே! போன வருஷம் ஸ்வெட்டர், அதுக்கு முந்தி வாட்ச். எல்லாம் பிரிக்காம பீரோவுல தூங்குது. எதைக் கொடுத்தாலும் ‘எனக்கு எதுக்கும்மா’ன்னு ஒரே பாட்டு. அதான் இவர் சொன்னார், மாமா பேர்ல வேற யாருக்காவது உபயோகமா செய்யலாம்னு.

— வேற யாருக்காவதா?

— ஆமாப்பா. அங்க இருக்கிற யாரோ ஒருத்தருக்கு. கட்டில் தானம். பேர் மட்டும்தான் உங்களுது.

— என் பேர் போட்ட கட்டில்ல ஊரான் குறட்டை விடுவானா?

— ஃபேன் வாங்கிக் கொடுத்துட்டு ரெக்கையில பேர் எழுதுறாங்களே, அவங்க என்ன அதுல ஏறி உக்காந்து சுத்துறாங்களா?

— வாயைப் பாரு. அப்படியே உங்கம்மா.

— சொல்லாம அனுப்பினது எங்க தப்புதான். பகல் பூரா இதையே நினைச்சுட்டு உக்காந்திருந்தீங்களா?

— உக்காரல. போய்ப் பாத்துட்டு வந்தேன்.

— எதை?

— என் கட்டிலைத்தான்! ரெண்டு பஸ் மாறிப் போனேன். அந்தக் கண்டக்டர் பயலுக்கு விசில் ஊதவே தெரியல.

— சண்டை போட்டீங்களா?

— போடத்தான் போனேன். எவன்டா என் பேரை எழுதினதுன்னு வாசல்லயே சத்தம் போட்டேன். உள்ள நாலு கிழவனுங்க சீட்டாடிட்டு இருந்தானுங்க. அதுல ஒருத்தன் ரிட்டயர் ஆன ஜட்ஜாம். ‘புது ஆள் வந்தாச்சு, கலைச்சுப் போடு’ன்னுட்டான்.

— அப்புறம்?

— சீட்டைக் கைல கொடுத்துட்டானே! மரியாதைக்கு ஒரு ஆட்டம் ஆடினேன். பயங்கரமா ஏமாத்துறான்மா அந்த ஜட்ஜு. கேட்டா, தீர்ப்பு சொல்லியாச்சுங்கறான்.

— மத்தியானம் சாப்பிட்டீங்களா இல்லையா?

— அங்கயேதான். உப்பே இல்ல. எல்லாருமா சேர்ந்து சமையல்காரனைத் திட்டிக்கிட்டே சாப்பிட்டோம். என் கட்டில்ல படுத்தும் பாத்தேன், மெத்தை கல்லு மாதிரி இருக்கு. பக்கத்துக் கட்டில்காரர் பழைய டெய்லர். தூக்கத்துல சட்டை அளவு சொல்றாராம்.

— போதும்ப்பா. அம்மா போனப்புறம் உங்களைத் தனியா விடக் கூடாதுன்னுதானே இங்க கூட்டிட்டு வந்தேன்? நானா உங்களை அங்க அனுப்புவேன்?

— தெரியும்மா. உன்னைக் குத்தம் சொல்லல. விடிஞ்சா மாப்பிள்ளை போயிடுறார், பின்னாலயே நீ போயிடுறே. பகல் பூரா நானும் ஃபிரிட்ஜும்தான். ஃபிரிட்ஜாவது அப்பப்ப உறுமுது.

— இனிமே சீக்கிரம் வந்துடுறேன், சத்தியமா. பெட்டியை இப்படிக் கொடுங்க, துணியெல்லாம் எடுத்து உள்ள வைக்கிறேன். நாளைக்கே அங்க போன் பண்ணி, கட்டில்ல இருக்கிற பேரை அழிச்சிடச் சொல்றேன்.

— ஏன் அழிக்கணும்?

— உங்களுக்குத்தான் இவ்வளவு கோவம் வருதே.

— கோவம் காலைலயோட போச்சு. பெட்டி கட்டினது இப்ப, திரும்பி வந்தப்புறம். இத்தனை வருஷத்துல நீ கொடுத்ததுல எனக்கு நிஜமாவே பிடிச்சது இது ஒண்ணுதாம்மா. அதைப் போய் எனக்கில்லைங்கறியே.