முள் காட்டாத சாய்வு

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள் தம்பி, அதற்கு ஒரு கால் ஆடும். இந்த பெஞ்சுக்கு வந்துவிடுங்கள். நீங்களும் வாருங்கள் அம்மா, பையை இறக்கி வைத்துவிட்டு நன்றாகக் கிட்டே வந்து உட்காருங்கள். விசாரிக்க வந்த பிள்ளைகள் வாசலிலேயே நின்றால் எனக்குப் பேச்சு வராது. பக்கத்தில் இருந்தால் ஒரு கதை சொல்வேன். முழுக்கதை. பாதியில் எழுந்து போக மட்டும் விடமாட்டேன்.

பக்கத்துப் பட்டறைப் பெயின்டரிடம் நீங்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "வயசான அம்மா, கை தப்பிருக்கும் பாவம்" என்றீர்கள். பாவம் பார்க்கிற மனசு நல்ல மனசுதான். இருக்கட்டும்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் எல்லாம் தானாகப் புரியும். பந்தயப் படகின் பின்பக்கம் இரண்டு கால்கள் தொங்குமே, பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெயர் டிரைவ். நுனியில் புரொப்பல்லர் சுற்றும். பெரிய எஞ்சின் வாங்கி மாட்டிவிட்டால் படகு பறந்துவிடும் என்று நினைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். எஞ்சின் தள்ளத்தான் செய்யும். அந்தத் தள்ளலைத் தண்ணீர் எப்படி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது டிரைவைப் பொருத்துகிறவர் கையில் இருக்கிறது. டிரைவை ஒரு தகட்டின் கனம் அளவு உயர்த்தினால் இழுவை குறைந்து வேகம் கூடும். ஆசைப்பட்டு இன்னும் உயர்த்தினால் ஸ்டியரிங்குக்குப் பிடி இருக்காது. வெளிப்பக்கமாகச் சாய்த்தால் படகு மூக்கைத் தூக்கும், வயிறு தண்ணீரை விட்டு எழும். அப்போதுதான் அது ஓடுகிற ஓட்டமே ஓட்டம். அளவுக்கு மேல் சாய்த்தால் அடியில் காற்றுப் புகுந்துவிடும். காற்றுப் புகுந்த படகை ஓட்டுகிறவர் எவரும் இல்லை.

எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஓட்டுகிறவருக்குக் காட்ட முன்னால் ஒரு வட்ட மீட்டர், அதில் ஒரு முள்.

என் மகளுக்கு அந்த முள் தேவைப்பட்டதே இல்லை. இந்தப் பட்டறைக்குள் தவழ்ந்தவள் அவள். இருக்கையில் உட்கார்ந்து ஒரு சுற்று போய்விட்டு வந்து, "அம்மா, இடது கால் கொஞ்சம் இறங்கியிருக்கு" என்பாள். அளந்து பார்த்தால் இறங்கித்தான் இருக்கும். முள்ளைப் பார்க்காதே, இடுப்பால் கேள் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பந்தயத்தில் மாப்பிள்ளை ஸ்டியரிங் பிடிப்பார். பக்கத்து இருக்கையில் வேகத்தையும் சாய்வையும் பார்த்துக்கொள்வது அவள். ஜெயித்தது முழுக்க அவள் கை. மாலை விழுந்தது அவர் கழுத்தில். அதைக்கூட நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு பந்தயத்தில் தோற்றார்கள். திருப்பத்தில் அவர் பதறிப்போய் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்துத் திருப்பினார், படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட ஆரம்பித்துவிட்டது. கரையில் நின்ற எல்லோரும் பார்த்தார்கள். அப்புறம் பரிசு மேடைக்குக் கீழே அத்தனை பேர் நடுவில் அவர் சொன்னார்: "எங்க அத்தை செட்டிங்ல ஓடுற படகு இது. அவங்க இன்னும் துடுப்பு போட்ட காலத்துலயே இருக்காங்க."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பக்கத்தில் நின்ற பெயின்டர் மட்டும், "அக்கா, வாங்க போலாம்" என்றார்.

மகளிடம் கேட்டேன். "அவர் சொல்றதுலயும் ஞாயம் இருக்கும்மா" என்றாள். இதை நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் பெற்று, நான் வளர்த்து, நான் கையில் ஸ்பானர் கொடுத்த பிள்ளை, அவர் பக்கம் ஞாயம் இருக்கிறது என்றாள். அன்றைக்கு என் வயிற்றில் எரிய ஆரம்பித்தது. அணையவில்லை. அணைய வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு அவர்கள் ஊரின் மறுகோடிக்குக் குடிபோனார்கள். கம்ப்யூட்டரில் எல்லாம் பார்த்துச் சொல்கிற பெரிய பட்டறை ஒன்று அங்கே இருக்கிறதாம். மகளின் போன் குறைந்தது. பேசினாலும், "வேலையா இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்." அந்த அப்புறம் வந்தால் அதிசயம். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அவள் என் வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். வீடு காலியாகத்தானே கிடக்கிறது.

இறுதிப் பந்தயம் நெருங்கியபோது பெரிய பட்டறையில் இடம் கிடைக்கவில்லை. படகை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் இங்கே வந்து நின்றார்கள்.

"அத்தை, இந்த ஒரு தடவை மட்டும் செஞ்சு குடுங்க. அடுத்த சீசன்லேர்ந்து உங்களுக்குத் தொந்தரவே கிடையாது."

"எவ்வளவு வேகம் வேணும் மாப்பிள்ளை?"

"உங்களுக்குப் பயமா இருக்கிற அளவுக்கு."

மகள் சிரித்தாள். "எங்கம்மாவுக்கா பயம்? முதல் ஓட்டத்துல கண்ணை மூடிக்கிறது யாருன்னு நான் சொல்லட்டுமா?" அவள் பேசியது என் பக்கம்தான். ஆனால் கை அவர் தோள்மேல் இருந்தது.

"சரி, குடுக்கிறேன்" என்றேன். கேட்டதைக் கொடுப்பதுதானே தொழில்.

டிரைவ் இரண்டையும் அவர் கேட்டதைவிடக் கூடுதலாக உயர்த்தினேன். ஒரு அளவுக்கு மேல் சாயாமல் தடுக்கிற தடையைக் கழற்றிப் பின்னால் தள்ளிப் பொருத்தினேன். டிரைவின் பக்கவாட்டில் ஒரு சின்ன வட்டு இருக்கிறது, சாய்வை அளந்து முள்ளுக்குச் சொல்வது அதுதான். அதன் திருகைத் தளர்த்தி, கொஞ்சம் திருப்பி, மறுபடி முடுக்கினேன். அதற்குப் பிறகு முள் பாதியைக் காட்டினால் டிரைவ் எல்லையைத் தாண்டியிருக்கும். கை தப்பவில்லை கண்ணு. கண்ணாடி போட்டுக்கொண்டு, விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, நிதானமாகச் செய்தது. ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அவருக்குப் படகைக் கேட்கத் தெரியாது, முள்ளைப் பார்க்கத்தான் தெரியும். அதனால்தான் முள்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. டிரைவில் கை வைத்தவர்தான் முதல் ஓட்டத்தில் இரண்டாவது இருக்கையில் உட்கார வேண்டும். என் வீட்டுக்காரர் கொண்டுவந்தது. "தன் உசுரையும் சேத்து முடுக்கினாத்தான் நட்டு ஒழுங்கா இறுகும்" என்பார். அவர் போனபிறகும் நான் ஒருநாளும் அதை மீறியதில்லை. அன்றைக்குக் காலையில் படகுத்துறையில், "முழங்கால் மடங்கமாட்டேங்குது மாப்பிள்ளை, நீங்க மட்டும் ஒரு சுத்து போய்ட்டு வாங்க" என்றேன்.

"நல்லதாப் போச்சு அத்தை, எடை குறையும்."

அவ்வளவில் முடிந்திருக்க வேண்டியது. மகள் என் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டாள். "அப்பா வெச்ச வழக்கத்தை எதுக்கு விடணும்? நீ கை வெச்சா நான் வெச்ச மாதிரிதாம்மா. நான் உக்காந்துக்கறேன்."

"நீ எதுக்குடி?" என்றேன்.

"உன் செட்டிங்ல உக்காந்து எவ்வளவு நாளாச்சு" என்று சொல்லிக்கொண்டே இறங்கிவிட்டாள்.

படகின் கயிறு என் கையில் இருந்தது. கொஞ்சம் இருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏன் என்று அவர் கேட்பார். படகைப் பெரிய பட்டறைக்கு இழுத்துப் போவார். அங்கே வட்டைப் பார்ப்பார்கள். மறுபடி ஒரு மேடை, மறுபடி ஒரு சிரிப்பு, இந்தத் தடவை ஊர் முழுக்க. மகள் அதற்கப்புறம் இந்த வாசலை மிதிப்பாளா? இதையெல்லாம் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அவள் கண்டுபிடித்துவிடுவாள் என்றும் நினைத்தேன். இடுப்பால் கேட்கிறவளாயிற்றே.

கயிற்றை அவிழ்த்துப் படகுக்குள் போட்டேன். கையும் ஆட்டினேன்.

சொல்கிறேனே என்று தப்பாக நினைக்காதீர்கள், அவ்வளவு அழகாக ஒரு படகு ஓடி நான் பார்த்ததில்லை. தண்ணீரைத் தொட்டதும் தெரியவில்லை, விட்டதும் தெரியவில்லை. "அக்கா, பறக்குதுக்கா" என்றார் பெயின்டர். அப்போது மூக்கு தூக்கியது. தூக்கிய மூக்கு இறங்கவில்லை. படகு முழுசாக எழுந்து நின்று, மல்லாந்து விழுந்தது.

மாப்பிள்ளை அங்கேயே போய்விட்டார். அவரைப் பற்றிச் சொல்ல என்னிடம் வேறு எதுவும் இல்லை. பயமாக இருக்கிற அளவுக்கு என்று கேட்டார், கொடுத்தேன்.

மகளுக்குக் கழுத்துக்குக் கீழே அசைவில்லை. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "முள்ளு பாதியிலதாம்மா இருந்துச்சு" என்றாள். படகு மாறிப் பேசுவது அவளுக்குக் கேட்டிருக்கும், கேட்காமல் இருக்காது. நான் வைத்த முள் என்பதால் அதையே நம்பிச் சாய்வைக் கூட்டுகிற பொத்தானை அமுக்கியிருக்கிறாள். அவள்மேல் எனக்கு வருத்தம் என்றால் அது ஒன்றுதான். இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்ததைக் காற்றில் விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் பேசவில்லை. வாய்க்கு ஒன்றும் இல்லை, பேசமுடியும் என்கிறார்கள் டாக்டர்கள். அவர்களுக்கு என்ன தெரியும். உள்ளறையில்தான் படுத்திருக்கிறாள், இந்தத் தட்டிக்குப் பின்னால். நாம் பேசியது எல்லாம் கேட்டிருக்கும். கேட்கட்டும், தாய் தனக்காக என்னவெல்லாம் செய்தாள் என்று பிள்ளைக்கும் தெரிய வேண்டாமா. நான்தான் குளிப்பாட்டுகிறேன், நான்தான் ஊட்டுகிறேன், தலை வாரிப் பின்னி விடுகிறேன். நான் பக்கத்தில் போனால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறாள். வெளிச்சம் கூசுகிறது போலிருக்கிறது.

எழுந்திருக்கிறீர்களா? சரி. பையை மறந்துவிடாதீர்கள் அம்மா. அவளுக்குத் தண்ணீர் கொடுக்கிற நேரம், கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன், எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன். பொறுமையாக உட்கார்ந்து கேட்டீர்கள், நன்றாக இருப்பீர்கள். உங்கள் வீடு நிறைந்திருக்கட்டும். உங்களைவிட்டுத் தள்ளிப்போன பிள்ளை யாராவது இருந்தால், என் பிள்ளை என்னிடம் வந்த மாதிரி, அதுவும் உங்களிடமே வந்து சேரட்டும்.