இன்னும் ரெண்டு அடி

என் பெயர் குந்தவை. வயது 44. கணவர் பெயர் கங்காதரன். கூத்தாநல்லூர் வட்டம், நாவற்குடி கிராமம், மேலத்தெரு, கதவு எண் 17-இல் குடியிருக்கிறேன். இளங்கலைக் கணிதம் படித்திருக்கிறேன். துணை அஞ்சலகத்தில் உதவியாளராக வேலை பார்க்கிறேன். என் கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். இறந்துபோன பரணிதரன் அவருடைய தம்பி, எனக்குக் கொழுந்தன். அவருக்குத் திருமணம் ஆகவில்லை. என் மாமியார் கமலாம்பாளும் அவரும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம்.

இந்த வழக்கில் கைதாகி இருபது நாட்களாகச் சிறையில் இருக்கும் புகழேந்தி எங்கள் ஊர் கீழத்தெருவைச் சேர்ந்தவர். வயது இருபத்தொன்பது இருக்கும். அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார். எங்கள் வயலுக்கு அடுத்த கீழ் வயலைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்கிறார். உறியடியில் கண்கட்டுத் தளர்வாக இருந்ததால் அவர் பரணிதரனைப் பார்த்தே அடித்தார் என்பது வழக்கு. அந்தக் கட்டைக் கட்டியவள் நான்.

நான் சொல்வது எனக்கே எதிராக வரக்கூடும் என்று நீதித்துறை நடுவர் அவர்கள் எடுத்துச் சொல்லி, யோசிப்பதற்கு ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் நான் எதையும் யோசிக்கவில்லை. என்னை யாரும் வற்புறுத்தவில்லை.

16.01.2025 காணும் பொங்கலன்று எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் வழக்கமான விழா நடந்தது. காலையில் கோலப் போட்டியும் மெதுவாக சைக்கிள் ஓட்டும் போட்டியும் நடந்தன. வகுப்பறையில் பழைய படங்களையும் மரக்கால், படி போன்ற அளவைகளையும் பார்வைக்கு வைத்திருந்தார்கள். மதியத்துக்கு மேல் புகழேந்தியும் அவரிடம் பழகும் பிள்ளைகளும் சிலம்பம் ஆடினார்கள். ஆறு வருடங்களாக மைக்கில் அறிவிப்புச் செய்வது நான்தான். மைக்செட் கூத்தாநல்லூர் அல்லா பிச்சை என்பவருடையது. அவர் மேடையருகே இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளும், ஊரே கேட்க வேண்டும் என்று தூரத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு குழாயும் கட்டியிருந்தார். தொட்டிக் குழாயின் சத்தம் மேடைக்குத் தாமதமாக வந்து சேரும். அதனால் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு இரண்டு தடவை கேட்டது.

அதன் பிறகு நாலரை மணிக்கு உறியடி தொடங்கியது. இரண்டு சவுக்குக் கம்பங்களின் மேல் மூங்கிலைக் கட்டி, மஞ்சள் தண்ணீர் ஊற்றிய பானையைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்தார்கள். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துப் பானையை ஏற்றி இறக்கும் வேலையைப் பரணிதரன் செய்தார். மூன்று பேர் உடைக்க முடியாமல் போன பிறகு அவரே புகழேந்தியைக் கூப்பிட்டார். இருவருக்கும் ஐப்பசியில் மடை அடைத்தது சம்பந்தமாக டீக்கடையில் வாய்த்தகராறு நடந்தது உண்மை. உறியடியன்று அவர்கள் பேசிக்கொண்டது இதுதான்.

"வாய்யா புகழு, தண்ணி பாக்காத கை பானைய ஒடைக்குதான்னு பாப்போம்."

"மடையத்தான் அடைச்சீங்க, பானையவாச்சும் தொறந்து வுடுங்கண்ணே."

கூட்டம் சிரித்தது. பரணிதரன் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

அதன் பிறகு நான் மேடையிலிருந்து இறங்கிப் போய், கறுப்புத் துணியை நான்காக மடித்துப் புகழேந்தியின் கண்களில் வைத்து, பின்னந்தலையில் இரண்டு முடிச்சுப் போட்டேன். மூன்று விரலைக் காட்டி "எத்தன விரலு?" என்று கேட்டேன். "ஆறுக்கா" என்றார். விளையாடுகிறாரோ என்று நினைத்து என் உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே வேகமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் தலை அசையவில்லை. அதன் பிறகு அவரை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு மேடைக்குத் திரும்பினேன்.

உறியடியில் கூட்டம் வேண்டுமென்றே தப்பாக வழி சொல்லும். மைக்கில் இருப்பவர் யாருக்கும் வழி சொல்லக் கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். பரிசு கொடுக்க வந்தவர் கிளம்ப வேண்டும் என்று மேடையில் அவசரப்படுத்தினார்கள். பானை உடைந்தால் சீக்கிரம் முடியும் என்று நினைத்து நான் அந்த வழக்கத்தை மீறினேன். "புகழேந்தி, இடது பக்கம் திரும்புங்க" என்று மைக்கில் சொன்னேன். நூறு பேர் கத்திய கத்தலில் அவர் என் குரலை மட்டும் எடுத்துக்கொண்டார். சரியாகத் திரும்பினார். "இன்னும் ரெண்டு அடி" என்றேன். இரண்டு அடி தூரம் நடக்க வேண்டும் என்ற பொருளில் சொன்னேன். அப்போது மைக் கீச்சிட்டது.

அவர் நின்றார். கம்பை உயர்த்தி, முகத்தை மேடைப் பக்கம் திருப்பி, "அடியாக்கா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் என் கையில் கோலப் போட்டியின் பரிசுப் பட்டியலைக் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் பரிசு நஃபீசாவுக்கா ஹாஃபிஸாவுக்கா என்று எழுத்துப் புரியவில்லை. நான் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, நிமிராமல், "ஆமாம்பா, அடி" என்றேன்.

கயிறு மூங்கிலில் சிக்கிக்கொண்டதால் பரணிதரன் அதை உதறிவிடுவதற்காக அண்ணாந்து பார்த்தபடி பானைக்குக் கீழே வந்திருந்தார் என்பதைப் பிறகு யாரோ கைபேசியில் எடுத்த படத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மைதானத்தில் நான் கேட்டது சத்தம் மட்டும்தான். பானையில் பட்ட சத்தமாக அது இல்லை. நிமிர்ந்தபோது பரணிதரன் தரையில் கிடந்தார். அதற்குப் பிறகுதான் தொட்டிக் குழாயிலிருந்து என் குரல் "அடி" என்று வந்து சேர்ந்தது.

கூட்டம் அடங்கிவிட்டது. புகழேந்தி மட்டும் சிரித்த முகத்தோடு நின்றார். பானை உடைந்தால் மஞ்சள் தண்ணீர் தலையில் கொட்டும் என்பதால் முகத்தை மேலே தூக்கி, வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார். தண்ணீர் விழவில்லை. "ஒடைஞ்சிதாக்கா?" என்று கேட்டார். நான் ஓடிப்போய் முதலில் பரணிதரனைத் தொட்டேன். அதன் பிறகு புகழேந்தியின் கட்டை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு வரவில்லை. என் வலதுகைக் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. பல்லால் கடித்து இழுத்துத்தான் அவிழ்த்தேன். கீழே பார்த்துவிட்டு, கம்பைப் போட்டுவிட்டு, பரணிதரனை முதலில் தூக்கியவர் அவர்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை பரணிதரனின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார்.

பரணிதரன் 18.01.2025 அன்று காலை தஞ்சாவூரில் சிகிச்சையில் இருக்கும்போது இறந்தார். மறுநாள் போலீசார் என்னை வீட்டில் விசாரித்தார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். கட்டு இறுக்கமாக இருந்ததா என்று கேட்டபோது, என் மாமியாரின் தம்பி, "லூசாத்தான் சார் இருந்துருக்கும், இல்லாட்டி எப்படி மண்டையில கரெக்ட்டா வுழும்?" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் "தளர்ந்திருக்கலாம்" என்று சொன்னேன். அது பொய். மைக்கில் நான் சொன்னதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கைபேசிப் படத்தில் கூட்டத்தின் இரைச்சலோடு "அடி" என்ற கடைசிச் சொல் மட்டும் கேட்கிறது. கூட்டமும் "அடி, அடி" என்று கத்திக்கொண்டிருந்ததால், அது கூட்டத்தில் யாரோ கத்தியது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் தினமும் சாயங்காலம் என் மாமியார், "கட்டு லூசாத்தானேம்மா இருந்துச்சு?" என்று கேட்பார். நான் தலையசைப்பேன். அவர் அதைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் சாப்பிடுவார். என் கணவர் தொலைபேசியில், "நீ புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம், சொன்னத மாத்தாம இரு, போதும்" என்றார்.

அதன் பிறகு 29.01.2025 அன்று புகழேந்தியின் தாயார் செவ்வந்தி அஞ்சலகத்துக்கு வந்தார். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும், மேலதிகாரிகளுக்கு எழுதிய மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும் என்று நீட்டினார். நான் முத்திரை போடும்போது பேசினார்.

"அவன் வாயே தொறக்க மாட்டேங்குறாம்மா. யாரு சொல்லிடா அடிச்சன்னு கேட்டா, யாரும் சொல்லல, எனக்காத்தான் தோணிச்சுங்குறான்."

நான் ரசீதை எழுதிக்கொண்டிருந்தேன்.

"எத்தன முடிச்சும்மா போட்டீங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு" என்றேன்.

"அத மட்டும் சொல்லுங்கம்மா, போதும்" என்று சொல்லி ரசீதை வாங்கிக்கொண்டு போனார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் மகன் யாருடைய பெயரைச் சொல்லாமல் இருக்கிறார் என்பது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அன்றிலிருந்து நான் கவுண்டரில் எதைச் சொன்னாலும் அது திரும்பி வருவதற்காகக் கொஞ்சம் நின்று பிறகுதான் அடுத்ததைப் பேசுகிறேன். வரிசையில் இருப்பவர்கள் உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்கள்.

முடிச்சைப் பற்றி மட்டும் சொன்னால் புகழேந்திக்குப் போதும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் கேட்டுவிட்டுத்தான் அடித்தார். அவர் கேட்டதற்கு ஆமாம் என்று பதில் சொன்னவள் நான். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும்.

என் மாமியார் இப்போது இந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் தனியாகப் போக வேண்டாம் என்று துணைக்கு வந்தார். கட்டுத் தளர்வாக இருந்ததை நீதிமன்றத்தில் எழுதிக்கொடுக்க வந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டி எடுத்து வந்திருக்கிறார். இதில் உள்ளதை நீதிமன்ற ஊழியர்களோ போலீசாரோ அவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஊருக்குத் திரும்ப ஒன்றேகால் மணி நேரம் ஆகும். அவருக்குக் காது மந்தம், பேருந்தில் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னால்தான் புரியும். நானே சொல்லிக்கொள்கிறேன்.

இது முழுவதும் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொன்ன சொற்களே இதில் இருக்கின்றன; எதையும் நீக்கவோ சேர்க்கவோ நான் கேட்கவில்லை. இவை உண்மை.

(ஒப்பம்)
க. குந்தவை
05.02.2025