செல்வம் விழுந்த பக்கம்

“…விழுந்தான்னு மட்டும் சொன்னா எனக்குப் பத்தாதுணா. எந்தப் பக்கமா விழுந்தான்?”

கேட்டவர் கூத்துக்காரர் முனிரத்தினம். எல்லையில் இறந்தவர்களுக்கு அவரவர் ஊரிலேயே கர்ண மோட்சம் ஆடுகிறவர். கர்ணனாக அவரே விழுவார். ஆடுவதற்கு முன் வீட்டாரையும் கூட இருந்த சிப்பாய்களையும் தேடிப் போய் விசாரிப்பார். இம்முறை மாகறல் செல்வத்துக்காக, அவனோடு எல்லை மலையில் இருந்த என்னைத் தேடி வாலாஜாபாத் வீட்டுக்கு வந்திருந்தார்.

இடப் பக்கம் என்றேன். சொன்னதும் அந்த மலை வந்துவிட்டது.

மாலை நாலு பத்து. முதல் குண்டு விசிலடித்துத் தாண்டிப் போகிறது. இரண்டாவதற்கு விசில் இல்லை. “படு! படு!” கத்துவது நான். எல்லோரும் படுக்கிறோம். செல்வம் பாறைக்கு அந்தப் பக்கம். இருபதடி. வலது காதில் அப்புறம் எதுவும் கேட்கவில்லை. இடது காதில் அவன் குரல். அம்மா. அம்மா. தலையைத் தூக்க விடாமல் எதிரிகள் சுடுகிறார்கள். இரண்டு முறை ஊர்ந்தேன். இரண்டு முறையும் கூட இருந்தவர்கள் காலைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். ஆறு மணிக்குக் குரல் நின்றது.

அவன் அம்மா சரோஜாவிடம் நான் சொன்னது வேறு. சட்டென்று போய்விட்டான், வலியே தெரிந்திருக்காது என்றேன். வருஷா வருஷம் அதையே சொன்னேன். முனிரத்தினத்திடம் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டு, அவன் உயிரோடு கிடந்ததை மட்டும் ஆட வேண்டாம்ப்பா என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“கர்ணன் சட்டுனு சாகமாட்டாண்ணா,” என்றார்.

மாகறலில் நன்றாக விடிந்தபின் கர்ணன் விழுந்தான். இடப் பக்கமாக. கிரீடம், புஜக்கட்டையோடு. பாட்டு முடிந்தது. உயிர் போகவில்லை. விரல்கள் மண்ணைப் பிறாண்டிக்கொண்டே இருந்தன. முன்னால் உட்கார்ந்திருந்த சரோஜாம்மா எழுந்து என்னிடம் வந்தார்.

“இப்பிடித்தான் கெடந்தானா?”

ஆமாம்மா என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார். இரண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் குறைவு என்றேன்.

“தண்ணி கேட்டுக்கினு இருந்தானா?”

கேட்டான்.

அன்று மலையில் நாங்கள் ஒன்பது பேர். இறங்கியது ஆறு. மூன்று உயிர். என் வலது காது. இன்று காலை, அந்த அம்மாவுக்கு நான் சொல்லி வந்த ஆறுதலும் போனது.

சரோஜாம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு போய்க் கர்ணன் தலைமாட்டில் உட்கார்ந்தார். கூத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாது. மத்தளம் நின்றது. முனிரத்தினம் கண்ணைத் திறக்கவில்லை. வாயை மட்டும் திறந்தார்.